பிரேக் ஏன் கத்துகிறது?

எங்கள் வீட்டுக் கொட்டகையில் 1972-ஆம் ஆண்டில் வாங்கிய அம்பாசிடர் கார் ஒன்று இருக்கிறது. என் தாய்மாமன் ஓட்டிய வண்டி. அவருக்குப் பிறகு அது என் பொறுப்பில் வந்து சேர்ந்தது. 2021-ஆம் ஆண்டில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, முதற்பதிவு செய்து ஐம்பது ஆண்டுகளைக் கடந்த வாகனங்கள் பழம்பெரும் வாகனங்கள் என்ற வகையில் சேரலாம். ஆகவே 2022-இல் எங்கள் வண்டிக்கும் அந்த வயது வந்துவிட்டது. அந்த ஆண்டு மழைக்காலம் முடிந்து அதை வெளியே எடுத்தபோது, அதன் பிரேக் மூன்று விதமாகச் சத்தமிட்டது. கல்லூரியில் உராய்வையும் ஒலியையும் பல ஆண்டுகளாகப் பாடம் நடத்தி வரும் நான், அந்த மூன்று சத்தங்களுக்கும் ஒரே காரணம் சொல்லித் தவறு செய்தேன். தவறு எங்கே நேர்ந்தது என்பதை விளக்கினால் உங்களுக்கும் பயன்படும் என்று எண்ணுகிறேன்.

முதலில் வண்டியைப் பற்றிச் சில சொற்கள். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டது அம்பாசிடர். கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் 1950-களின் இறுதியில் தொடங்கிய அதன் உற்பத்தி 2014-இல் நின்றது. தாலுகா அலுவலக வாசலிலும், ரயில் நிலைய வாடகை வண்டி வரிசையிலும், கல்யாண ஊர்வலத்திலும் அதைக் காணாத ஊர் நம் நாட்டில் இருந்திருக்காது. 1972-இல் வந்த வண்டிகளில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான். இன்றைய கார்களின் முன்சக்கரங்களில் தட்டு வடிவப் பிரேக்கைக் காணலாம். ஆனால் பல மொபெட்டுகளிலும், லாரிகளிலும், பேருந்துகளிலும் டிரம் பிரேக் இன்றும் உண்டு. எனவே இக்கட்டுரையைப் பழைய கார் வைத்திருப்போருக்கு மட்டும் உரியது என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

டிரம்முக்குள் என்ன இருக்கிறது?

ஓர் இரும்புச் சட்டியைப் பக்கவாட்டில் நிறுத்தி, அதைச் சக்கரத்தோடு சேர்த்துச் சுழல விட்டதாக எண்ணிக்கொள்ளுங்கள். அதுதான் டிரம். வார்ப்பிரும்பால் ஆனது. அதன் உள்ளே, பிறை வடிவில் இரண்டு இரும்புத் துண்டுகள் முன்னும் பின்னுமாக நிற்கின்றன. இவற்றுக்கு ஷூ என்று பெயர். ஒவ்வொரு ஷூவின் வளைந்த வெளிப்புறத்திலும் லைனிங் என்னும் உராய்வுப் பட்டை பொருத்தப்பட்டிருக்கும். எங்கள் வண்டியில் அதைச் சிறிய ரிவெட் ஆணிகளால் பிணைத்திருந்தார்கள்.

நாம் பெடலை மிதிக்கும்போது குழாயில் உள்ள பிரேக் ஆயில் அந்த அழுத்தத்தைச் சக்கரம் வரை கொண்டு செல்கிறது. ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளில் நீங்கள் படிக்கும் பாஸ்கல் விதி இங்கே வேலை செய்கிறது. ஷூக்கள் விரிந்து டிரம்மின் உட்சுவரை அழுத்துகின்றன. காலை எடுத்ததும் ஒரு சுருள்வில் ஷூக்களைப் பின்னுக்கு இழுத்துவிடுகிறது. கைப்பிரேக்கிற்கு ஆயில் தேவையில்லை. அது ஓர் எஃகுக் கம்பி வடத்தின் மூலம் பின்சக்கரங்களின் ஷூக்களை மட்டும் விரிக்கிறது.

இந்த அமைப்பில் டிரம் சுழல்கிறது, ஷூ சுழல்வதில்லை. இதை மட்டும் மனத்தில் இருத்திக்கொண்டு மேலே படியுங்கள்.

மூன்று சத்தங்கள்

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று மூன்று மாதங்கள் வண்டி கொட்டகையில் நின்றது. கொட்டகைத் தரை சற்றுச் சரிவு. வண்டி உருண்டுவிடக் கூடாதே என்று கைப்பிரேக்கை இழுத்து வைத்திருந்தேன். கூரையில் ஒழுக்கும் இருந்தது. தை பிறந்ததும் வெளியே எடுத்து, தருமபுரியிலிருந்து பாலக்கோடு சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தேன்.

பிரேக்கை மிதித்தால் 'சரக்... சரக்... சரக்' என்று விட்டுவிட்டு ஒரு சத்தம். அதனோடு சேர்ந்து அடித்தொண்டையில் ஓடும் 'கரகர' என்னும் சத்தம். வண்டி நிற்கப் போகும் கடைசி ஓரிரு மீட்டரில், காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றும் 'கிறீச்'.

"எல்லாம் துருவின் வேலை. நாலு தரம் பிரேக் பிடித்தால் தேய்ந்து போய்விடும்" என்று வீட்டாரிடம் உறுதியாகச் சொன்னேன். அடுத்த நாளே 'சரக்' சத்தம் மறைந்தும் போனது! என் கொள்கை மெய்ப்பிக்கப்பட்டதாக மகிழ்ந்தேன். மற்ற இரண்டும் மெல்லத் தாமாகவே அடங்கும் என்று மேலும் சில வாரங்கள் ஓட்டினேன். அவை அடங்கவில்லை. இதற்கிடையில் சேலத்தில் ஒரு திருமணம் வந்தது. குடும்பத்தோடு இதே வண்டியில் போக முடிவு செய்தோம். சேலம் போவதென்றால் தொப்பூர்க் கணவாயில் இறங்க வேண்டும்.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னதாக, என் மாமன் காலத்திலிருந்து இந்த வண்டியை அறிந்த மேஸ்திரியிடம் டயரில் காற்றுப் பிடிக்கப் போனேன். வண்டி பட்டறை வாசலில் நின்ற சத்தத்தைக் கேட்டதும் அவர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார்.

"என்ன சார், இப்படிக் கத்துது?"

துருக் கதையைச் சொன்னேன். ஒரு சத்தம் போய்விட்டதையும் பெருமையாகச் சொன்னேன்.

"மூணுல ஒண்ணுதானே சார் போயிருக்குது? மீதி ரெண்டும் துருதான்னு யார் சொன்னாங்க?"

பரீட்சைத் தாளில் சிவப்புக் கோடு விழுந்தது போல இருந்தது எனக்கு. ஒரு கொள்கை ஒரு நிகழ்ச்சியை விளக்கிவிட்டால், பக்கத்தில் நிற்கும் வேறு இரண்டு நிகழ்ச்சிகளையும் அதுவே விளக்கும் என்று எந்த நூலிலும் எழுதியிருக்கவில்லையே!

விட்டுவிட்டு வந்த சத்தம்

வீட்டுக்குத் திரும்பி, பதினோராம் வகுப்பில் படிக்கும் என் அக்காள் மகனை அழைத்துக்கொண்டு கணக்குப் போட உட்கார்ந்தேன். எங்கள் வண்டியின் சக்கரச் சுற்றளவை நூலால் அளந்தோம். ஏறத்தாழ 2 மீட்டர். வண்டி மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் நொடிக்கு 10 மீட்டர். அதாவது சக்கரம் நொடிக்கு 5 முறை சுழலும். அந்த வேகத்தில் எண்ணுவது கடினம். ஆனால் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தால், நொடிக்கு 1 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், சக்கரம் அரைச்சுற்றுத்தான் சுழலும். அப்போது எண்ணலாம்.

முதல் நாள் கொட்டகையிலிருந்து வண்டியைத் தள்ளியபோது அவன் இதைத் தற்செயலாகக் கவனித்திருக்கிறான். டயரில் ஒட்டியிருந்த மஞ்சள் பூசணிப் பூவின் இதழ் ஒருமுறை மேலே வந்தபோது ஒரு 'சரக்'. அது கீழே போனபோது இன்னொரு 'சரக்'. ஆக, ஒரு சுற்றுக்கு இரண்டு. (இத்தகைய சோதனைக்கு டயரின் பக்கவாட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் போதும். பூவுக்காகக் காத்திருக்க வேண்டாம்.)

வேகத்தோடு எண்ணிக்கை கூடும் சத்தம், சக்கரத்தோடு சுழலும் ஏதோ ஒன்றில் பிறக்கிறது என்று கொள்ளலாம். டயர்ப் பட்டையில் சிக்கிய சரளைக்கல் கூட இப்படித்தான் ஒலிக்கும்; ஆனால் அது பிரேக் பிடிக்காத போதும் ஒலிக்கும். பிரேக் பிடிக்கும்போது மட்டும் வந்தால், குறை டிரம்மின் உட்சுவரில் இருக்க வேண்டும்.

சரி, ஏன் சுற்றுக்கு இரண்டு? அடுத்த வரியைப் படிக்குமுன் சற்று யோசித்துப் பாருங்கள்.

கைப்பிரேக்கை இழுத்து வைத்ததால் மூன்று மாதமும் இரண்டு ஷூக்களும் டிரம்மை அழுத்திக்கொண்டே இருந்தன. ஷூ மூடியிருந்த பகுதியில் ஈரக்காற்று அதிகம் படவில்லை. இரண்டு ஷூக்களுக்கும் நடுவே மேலே ஓர் இடைவெளி, கீழே ஓர் இடைவெளி. அந்த இரண்டு இடங்களில் மட்டும் துரு நன்றாகப் பிடித்தது. ஆகவே டிரம்மின் சுவரில் நேர் எதிரெதிராக இரண்டு துருத் திட்டுகள். டிரம் சுழலும்போது இரண்டு திட்டுகளும் ஒரே சமயத்தில் இரண்டு ஷூக்களின் மேல் ஏறும். ஒரே சமயத்தில் இடைவெளிக்குள் இறங்கும். இது ஒரு சுற்றில் இரண்டு முறை நடக்கிறது. துரு தேய்ந்ததும் சத்தம் போயிற்று. இதுவரை நான் சொன்னது சரிதான்.

விடாமல் வந்த சத்தம்

ஆனால் 'கரகர' விட்டுவிட்டு வரவில்லை, தொடர்ச்சியாக வந்தது. குறை சுழலும் பொருளில் இருந்தால் அது வந்து வந்து போகும். குறை நிலையாக நிற்கும் பொருளில் இருந்தால், சுழலும் டிரம்மின் ஏதாவது ஒரு பகுதி எப்போதும் அதன்மீது உரசிக்கொண்டே இருக்கும். ஆக, இந்தச் சத்தத்தின் பிறப்பிடத்தை ஷூவில் தேட வேண்டும். இவ்வளவும் காகிதத்திலேயே தெரிந்துகொள்ளக் கூடியது. நான்தான் காகிதத்தை எடுக்கவில்லை.

மறுநாள் பட்டறையில் மேஸ்திரி தமது முறையில் தேடினார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது என்று ஆய்வுக்கூடத்தில் நாம் சொல்வதை அவர் பெயரிடாமல் செய்தார். ஆளில்லாத சமதரையில் மெதுவாக ஓட்டி, பெடலைத் தொடாமல் கைப்பிரேக்கை மட்டும் சற்று இழுத்தார். 'கரகர' கூடியது. எனவே சத்தம் பின்சக்கரங்களில் ஒன்று. பிறகு முன்சக்கரங்களுக்குக் கல் வைத்து, கைப்பிரேக்கை விட்டு, கியரை நியூட்ரலில் போட்டு, பின்சக்கரங்களை ஒவ்வொன்றாக ஜாக்கியில் தூக்கினார். வலது சக்கரத்தைக் கையால் தள்ளியதும் நன்றாகவே சுழன்றது. இடது சக்கரம் அரைச்சுற்றில் நின்றுவிட்டது.

"கொஞ்ச தூரம் ஓட்டிட்டு நிறுத்தினா இந்த வீல் மட்டும் சூடா இருக்குமே, பாக்கலையா சார்?"

பார்க்கவில்லை. உராய்வு இருந்தால் வெப்பம் இருக்கும் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகிறவன், நான்கு சக்கரங்களின் அருகே கையை நீட்டி ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. (நீட்டிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், தொட்டால் கை பொத்துப்போகும்.)

டிரம்மைக் கழற்றினார். உள்ளே கருஞ்சாம்பல் நிறத் தூள் அப்பியிருந்தது. மேஸ்திரியின் உதவிப் பையன் வாயால் ஊதக் குனிந்தான். இந்த ஒரு கட்டத்தில் மட்டும் நான் பயன்பட்டேன். அவன் தோளைப் பிடித்து இழுத்துவிட்டேன். பழைய வண்டிகளின் லைனிங்குகளைக் கல்நார் கொண்டு செய்வது வழக்கம். வெப்பத்தைத் தாங்கும் நல்ல நார் அது. ஆனால் அதன் நுண்ணிய இழைகள் நுரையீரலுக்குள் போய்விட்டால் வெளியே வருவதில்லை. பல ஆண்டுகள் கழித்து மூச்சுத்திணறலும் புற்றுநோயும் வரலாம். எந்த லைனிங்கில் அது இருக்கிறது என்பது கண்ணால் பார்த்துத் தெரியாது. ஆகவே பிரேக் தூளை வாயாலோ, காற்றுக் குழாயாலோ ஒருபோதும் ஊதக் கூடாது. ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, துணியையும் ஒரு பையில் கட்டிவிட வேண்டும். மேஸ்திரி ஒன்றும் சொல்லாமல் தண்ணீரும் துணியும் கொண்டுவரச் சொன்னார். நாற்பது வருடமாக ஊதியே பழக்கம் என்று பிறகு என்னிடம் சொன்னார்.

துடைத்ததும் காரணம் பளிச்சென்று தெரிந்தது. ஒரு ஷூவின் லைனிங் ஏறக்குறைய முழுதும் தேய்ந்து, ரிவெட் ஆணிகளின் தலைகள் வெளியே வந்திருந்தன. அவை டிரம்மின் சுவரில் இசைத்தட்டின் கோடுகளைப் போல வட்டக் கீறல்கள் போட்டிருந்தன. 'கரகர' என்று பாடியது அந்த இசைத்தட்டுத்தான்.

லைனிங் ஏன் இந்தச் சக்கரத்தில் மட்டும் இப்படித் தேய்ந்தது? கைப்பிரேக்கின் கம்பி வடம், மழைநீர் இறங்கி, தன் உறைக்குள்ளேயே துருப்பிடித்து இறுகிவிட்டது. நான் கைப்பிரேக்கை விட்ட பிறகும் இடது ஷூ முழுவதும் பின்வாங்கவில்லை. ஏற்கெனவே பழையதாக இருந்த லைனிங், வாரக்கணக்கில் இழுபட்டுத் தீர்ந்துபோனது. பார்த்தீர்களா, 'எல்லாம் துருவின் வேலை' என்று நான் சொன்னது ஒரு வகையில் சரியாகவே போய்விட்டது. ஆனால் நான் நினைத்த துரு அல்ல அது. தானே தேய்ந்து மறையும் துருவும் அல்ல.

நீண்ட நாள் நிறுத்தும் வண்டிக்குக் கைப்பிரேக் போடாமல், கியரில் விட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டையோ கல்லோ வைப்பதே நல்லது.

கிறீச்!

மூன்றாவது சத்தம் இன்னும் இருக்கிறது. இயற்பியல் மாணவனுக்கு மூன்றிலும் சுவையானது இதுதான்.

ஒரு பொருளை நகர்த்தத் தொடங்குவது கடினம். நகர்ந்தபின் தள்ளுவது எளிது. நிலை உராய்வு, இயங்கு உராய்வைவிடப் பெரும்பாலும் அதிகமாக இருப்பதே காரணம். சாக்பீஸைக் கரும்பலகையில் செங்குத்தாகப் பிடித்து இழுத்தால், அது ஒட்டுகிறது; விரல் அழுத்தம் கூடியதும் வழுக்குகிறது; மறுபடியும் ஒட்டுகிறது. இந்த ஒட்டலும் வழுக்கலும் நொடிக்குப் பல நூறு முறை நிகழ்ந்தால் நம் காதுக்கு அது கிறீச்சொலி. மசகு காய்ந்த கட்டை வண்டியின் அச்சிலும், துருவேறிய கதவுக் கீலிலும், கிணற்று ராட்டினத்திலும் இதுவே நிகழ்கிறது.

வயலின் வில்லும் இப்படித்தான் தந்தியை இழுத்து இழுத்து விடுகிறது. இதை ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர் நம் திருச்சியில் பிறந்த சர் சி. வி. இராமன். ஒளிச்சிதறலுக்காக நோபல் பரிசு பெறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1918-இல், வில்லால் மீட்டப்படும் தந்திகளின் அதிர்வு பற்றிக் கல்கத்தாவிலிருந்து ஒரு விரிவான ஆய்வு நூலை வெளியிட்டார். வில்லைக் கையால் இழுத்தால் வேகமும் அழுத்தமும் ஒரே சீராக இருக்காது என்பதற்காக, வயலினை இயந்திரத்தால் மீட்டியும் அவர் சோதனை செய்திருக்கிறார். வில்லை வேகமாக இழுத்தால் ஒலி பெருக்குமேயன்றி, சுருதி ஏறிவிடுவதில்லை என்பதைக் கச்சேரியில் நீங்களே கண்டிருக்கலாம். சுருதியை முடிவு செய்வது தந்தியின் நீளமும் இழுவிசையும் நிறையுமே.

பிரேக்கிலும் அப்படியே. டிரம் ஒரு மணியைப் போன்றது. கழற்றிய டிரம்மைக் கம்பியில் தொங்கவிட்டு மேஸ்திரி சிறு சுத்தியலால் தட்டினார். 'ணங்' என்று நீண்டு ஒலித்தது. சந்தையில் மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவதில்லையா? விரிசல் இருந்தால் 'டொக்' என்று அடங்கிவிடும். டிரம்மிற்கும் அதே பரீட்சைதான். இந்த மணியை ஷூ தேய்த்துத் தேய்த்து ஒலிக்க வைக்கிறது. ஆகவே கிறீச்சொலியின் சுருதி சக்கரத்தின் வேகத்தைப் பொறுத்ததன்று. டிரம், ஷூ ஆகியவற்றின் இயல்பு அதிர்வெண்ணைப் பொறுத்தது. வண்டி வேகம் குறையக் குறைய 'சரக்' சத்தங்களின் இடைவெளி நீண்டது. 'கிறீச்' மட்டும் ஒரே சுருதியில் நின்றது. இரண்டும் வேறுவேறு பிறப்பு என்பதற்கு இந்த ஒரு வேறுபாடே போதும். (ஒட்டலும் வழுக்கலும் மட்டுமே முழுக் காரணம் என்று சொல்ல முடியாது. டிரம்மின் அதிர்வும் ஷூவின் அதிர்வும் ஒன்றையொன்று தூண்டி வளர்ப்பதும் உண்டு. கணினிகள் வந்த பிறகும் பொறியியலாருக்குத் தலைவலியாக இருக்கும் பகுதி இது.) சில பழைய வண்டிகளில் டிரம்மின் வெளிச்சுற்றில் ஒரு சுருள்வில்லை இறுகச் சுற்றியிருப்பார்கள், ஒலிக்கும் மணியின் மேல் கை வைப்பதற்குச் சமம் அது.

பிரேக் பிறந்த காலத்திலேயே இந்தத் தொல்லையும் பிறந்துவிட்டது. இங்கிலாந்தில் பிரடெரிக் லான்செஸ்டர் 1902-இல் தட்டு வடிவப் பிரேக்கிற்குக் காப்புரிமை பெற்றார். உலோகத்தின் மேல் உலோகம் உரசியதால் அது பொறுக்க முடியாமல் அலறியது. பின்னர் ஹெர்பர்ட் புரூட் என்பவர் கல்நார்ப் பட்டையைக் கொண்டுவந்த பிறகே காது பிழைத்தது. நுரையீரல் பிழைக்கவில்லை என்பதுதான் மேலே நாம் பார்த்த கதை.

இந்த இடத்தில் என் அக்காள் மகன் கேட்டான்: "கிணத்து ராட்டினத்துக்கு விடற மாதிரி ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டா நிக்காதா மாமா?"

நிற்கும். அதனால்தான் அது ஆபத்தான யோசனை. ராட்டினத்தில் உராய்வு நமக்கு வேண்டாத பொருள். எண்ணெய் விட்டு அதைக் குறைக்கிறோம், சத்தமும் போகிறது. பிரேக்கில் உராய்வுதான் நமக்கு வேண்டிய பொருள். லைனிங்கில் எண்ணெய் பட்டால் சத்தத்தோடு பிரேக்கும் போய்விடும். இது வெறும் கற்பனை அச்சமன்று. அச்சிலிருந்து கசியும் எண்ணெயோ, சக்கரத்தருகே கசியும் பிரேக் ஆயிலோ லைனிங்கில் படிந்து, சத்தமே இல்லாமல் பிரேக்கைக் கெடுப்பதுண்டு. அப்படிப்பட்ட வண்டி பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்கமாக இழுக்கும்.

தொப்பூர் இறக்கத்தின் கணக்கு

பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாகச் சேலம் செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, தொப்பூரில் மலைகளுக்கு நடுவே வளைந்து இறங்குகிறது. நம் மாவட்டத்தார் அனைவருக்கும் தெரிந்த, பயந்த இடம். 2020 டிசம்பரில் கட்டுப்பாட்டை இழந்த ஒரு லாரி, முன்னால் நின்றிருந்த பல வாகனங்கள்மீது மோதி உயிர்களைப் பறித்தது. வேறு விபத்துகளும் அங்கே நடந்திருக்கின்றன.

அந்த இறக்கத்தில் பிரேக்கின் மேல் விழும் சுமையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஆட்களோடும் பெட்டிகளோடும் எங்கள் வண்டியின் நிறை 1500 கிலோகிராம் என்றும், அது செங்குத்தாக 100 மீட்டர் உயரம் இறங்குகிறது என்றும் கணக்கிற்காக வைத்துக்கொள்வோம். வேகம் மாறாமல் இறங்கினால், இழக்கும் நிலை ஆற்றல் முழுவதும் வெப்பமாக மாற வேண்டும். 1500 × 10 × 100 = 15 லட்சம் ஜூல். ஐந்து லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர இந்த ஆற்றல் போதும். நான்கு டிரம்களும் சேர்ந்து 30 கிலோகிராம் இருக்கும் என்றும், எல்லா வெப்பமும் அவற்றிலேயே தங்குகிறது என்றும் கொண்டால், வார்ப்பிரும்பின் தன்வெப்ப ஏற்புத்திறன் ஏறத்தாழ 460 ஆதலால், வெப்பநிலை சுமார் 110 டிகிரி உயரும். 30 டன் எடையுள்ள லாரிக்கு ஆற்றல் இருபது மடங்கு. அது நூறு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும்.

சூடான பிரேக்கிற்கு என்ன நேரும்? லைனிங்கின் உராய்வெண் குறைகிறது. டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகுகிறது. பெடல் இன்னும் கீழே போக வேண்டியிருக்கிறது. பிரேக் ஆயில் வேறு காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. டாட் 3 வகை ஆயிலுக்குப் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி கொதிநிலை வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறிய நிலையில் 140 டிகிரி இருந்தாலே தேர்ச்சி! கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ்கள். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். பாஸ்கல் கொண்டுவர வேண்டிய அழுத்தம் குமிழிலேயே நின்றுவிடும்.

எங்கள் வண்டியில், இத்தனை வெப்பத்தைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டிய நான்கு சக்கரங்களில் ஒன்று, புறப்படும்போதே சூடாக இருந்திருக்கும். அதில் லைனிங்கும் இருந்திராது. அந்த நிலையில் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு இறங்க இருந்தேன்.

டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறங்குவோர் செய்யும் பிழையும் இந்தக் கணக்கிலேயே அடங்கியிருக்கிறது. தாழ்ந்த கியரில் இறங்கினால் எஞ்சின் காற்றை அமுக்கியும் உறிஞ்சியும் ஆற்றலில் ஒரு பெரும் பங்கைத் தானே தின்றுவிடுகிறது. நியூட்ரலில் அந்தப் பங்கும் பிரேக்கின் தலையில் விழுகிறது.

வண்டி மூன்று நாள் பட்டறையில் நின்றது. கல்யாணத்துக்குப் பேருந்தில் போனோம். டிரம்மை லேத்தில் கடைந்தால் கீறல் போகும். ஆனால் சுவர் மெலியும், மெலிந்தால் வெப்பத்தைத் தாங்கும் திறனும் குறையும் என்று மேஸ்திரி தயங்கினார். அளந்து பார்த்து, கடைய வேண்டாம் என்று முடிவு செய்து, சேலத்திலிருந்து வேறொரு டிரம் வரவழைத்தார். இரண்டு பின்சக்கரங்களுக்கும் கல்நார் இல்லாத புது லைனிங், புதிய கைப்பிரேக் வடம், புதிய பிரேக் ஆயில். ஒரு பக்கம் மட்டும் லைனிங் மாற்றினால் இரு சக்கரங்களும் வேறுவேறு அளவில் பிடிக்கும் என்பதால் வலது பக்கமும் மாற்ற வேண்டியிருந்தது.

பங்குனியில் தொப்பூர் வழியாகச் சேலம் போய் வந்தோம். இறக்கம் முழுவதும் இரண்டாவது கியர். ஸ்டியரிங்கின் அடியில் உள்ள கியர்க் கம்பியில் கை, இடது ஓரத்தில் வண்டி. எங்களைக் கடந்து போன லாரிக்காரர் ஒருவர் ஆரன் அடித்துச் சிரித்துக்கொண்டே போனார். கீழே வந்து நிறுத்தி, என் அக்காள் மகன் நான்கு சக்கரங்களின் அருகேயும் கையை நீட்டிப் பார்த்தான். முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே அளவு சூடு. பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அளவு, சற்றுக் குறைவு. பிரேக் பிடிக்கும்போது எடை முன்பக்கம் சாய்வதால் முன்சக்கரங்களுக்கு வேலை அதிகம்.

'கிறீச்' இன்னும் முழுவதும் போகவில்லை. பனி பெய்த காலைகளில் முதல் இரண்டு தரம் பிரேக் பிடிக்கும்போது வருகிறது. ஈரம் காய்ந்ததும் நின்றுவிடுகிறது. அதை அப்படியே விட்டிருக்கிறோம். ஆனால் இப்போது அது எத்தனையாவது பிரேக்கில் நிற்கிறது என்று என் அக்காள் மகன் ஒரு பழைய நோட்டில் எழுதி வருகிறான். இதுவரை மூன்றைத் தாண்டவில்லை.